புலி என்று சொல்லும் முன்

பெங்களூரின் தென்புறத்து லேஅவுட்டுகளில் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. எவரோ எங்கோ எடுத்த படம் வாட்ஸ்அப்பில் வருகின்றது. "நம் தெருவிலே புலி" என்ற குரல் எழுகின்றது. அன்று மாலை பிள்ளைகள் விளையாட வெளியே வருவதில்லை. மறுநாள் அது காட்டுப்பூனை என்று தெரிய வருகின்றது. சில வேளை உண்மையிலேயே சிறுத்தையாகவும் இருந்துவிடுகின்றது. இவ்விரண்டையும் பிரித்தறியும் அறிவும், சிறுத்தையே எனின் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் தெளிவும் நம் இல்லங்களில் இருத்தல் வேண்டும் எனக் கருதி இத்திங்கள் இதனை எழுதுகின்றோம்.

முதலில் பெயர். நம் ஊர்ப்புறங்களில் வரிப்புலியையும் சிறுத்தையையும் பொதுவாகப் புலி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கன்னடத்தார் பிரித்தே வழங்குவர். ஹுலி எனின் வரிப்புலி; சிரத்தெ எனின் சிறுத்தை. நம் புலியே அங்கே பகரம் ஹகரமாகி ஹுலி ஆயிற்று. ஆகவே நாம் பதற்றத்தில் அண்டை வீட்டாரிடம் "புலி, புலி" என்று கூவினால், அவர் வரிப்புலி என்றே கொண்டு மேலும் நாற்பது பேரைக் கூட்டிவிடுவார். சிரத்தெ என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்வது கடினமன்று. இன்னொரு குழப்பமும் உண்டு. 2022ஆம் ஆண்டு நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை சிவிங்கிகள். அவற்றையும் சிறுத்தை என்றே எழுதிய தமிழ் ஏடுகள் உண்டு. சிவிங்கியின் உடலில் இருப்பவை நிறைந்த கரும்புள்ளிகள். கண்ணிலிருந்து வாய்வரை கண்ணீர் வழிந்தாற்போல் ஒரு கருங்கோடு ஓடும். சிறுத்தைக்கு அக்கோடு இல்லை. அதன் முதுகிலும் விலாவிலும் இருப்பவை பூவிதழ் கூடினாற்போன்ற வளையங்கள். இவ்வளையங்களின் அமைப்பு ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு அமைவதில்லை. ஒரே விலங்கின் இடப்புறமும் வலப்புறமும் கூட வேறுபடும். காட்டில் தானியங்கிக் காமிரா வைத்து ஆராய்வோர் சிறுத்தைகளைத் தனித்தனியே எண்ணுவது இதைக் கொண்டுதான்.

நகரத்தில் நாம் பெரும்பாலும் ஏமாறுவது காட்டுப்பூனையிடமும் மரநாயிடமும். காட்டுப்பூனைக்கு உடலிற் புள்ளியில்லை, வால் குட்டை. மரநாய் ஓட்டின்மேலும் மின்கம்பியின்மேலும் ஓடக் கூடியது. சாம்பல் நிறம், நீண்ட முகம். சிறுத்தையோ ஆளைப்போல் எடையுள்ளது. வளர்ந்த ஆண் 50 கிலோவுக்கு மேலும் இருக்கும். வால் நீளமானது, நடக்கையில் அதன் நுனி பெரும்பாலும் மேனோக்கி வளைந்திருக்கும். மண்ணிற் சுவடு கண்டால் நகக்குறி இருக்கின்றதா என்று பாருங்கள். நாயின் சுவட்டில் நகம் பதியும். சிறுத்தை நகத்தை உள்ளிழுத்து நடப்பதால் பொதுவாகப் பதியாது. படத்தில் அளவு விளங்காதபோது அருகிலுள்ள சுவர், மிதிவண்டி முதலியவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதி ஐயம் தீரும்.

இவ்விலங்கு நம் நகருக்குப் புதிதாக வந்ததென்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. பன்னேர்கட்டாக் காடு நகரின் தென்கோடியிலேயே தொடங்கித் தெற்கே நம் ஓசூர்ப் பக்கத்துக் காடுகளை நோக்கிச் செல்கின்றது. துரஹள்ளிக் காடு கனகபுரச் சாலைக் குடியிருப்புகளுக்கு நடுவில் நிற்கின்றது. 2024இல் வெளியான மத்திய அரசின் கணக்குப்படி நாட்டில் 13,874 சிறுத்தைகள். கருநாடகத்தில் மட்டும் 1,879. ஓசூர் வழியாக இந்நகருக்கு வந்த நம்மில் பலர்க்கு முன்னரே இவை அவ்வழியைப் பயன்படுத்தி வந்தன போலும்! பெருநகரில் பெரும்பூனை வாழ்வது இங்கு மட்டும் காணும் புதுமையுமன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்துப் பூங்கா ஒன்றில் பி-22 என்று பெயரிடப்பட்ட மலைச்சிங்கம் ஒன்று ஏறத்தாழப் பத்தாண்டுகள் தனித்து வாழ்ந்து 2022இல் மறைந்தது.

அச்சம் பொய்யன்று. நெலமங்கலத்துக்கு அருகே 2024 நவம்பரில் புல் அறுக்கச் சென்ற ஒரு பெண் சிறுத்தையால் உயிரிழந்தார். மைசூரு மாவட்டத்து டி. நரசீபுர வட்டத்தில் 2022, 2023ஆம் ஆண்டுகளிலும் உயிர்கள் போயின. எனினும் நகருக்குள் நிகழ்ந்தவற்றை எண்ணிப் பார்த்தால் வேறொன்று தெரிகின்றது. 2016 பிப்ரவரி 7ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, நகரின் கிழக்கே ஒரு தனியார் பள்ளிக்குள் சிறுத்தை புகுந்தது. அதைப் பிடிக்க நாள் முழுதும் நிகழ்ந்த முயற்சியில் வனவிலங்கு அறிஞர் சஞ்சய் குப்பி உட்படச் சிலர் காயமுற்றனர். அங்குத் திரண்ட கூட்டத்தைப் படங்களில் கண்டோம். 2023 இறுதியில் கூட்லு கேட் அருகே அடுக்குமாடிக் குடியிருப்பின் காமிராவில் தென்பட்ட சிறுத்தையோ நவம்பர் 1ஆம் நாள் பிடிக்கும் முயற்சியின்போது சுடப்பட்டு இறந்தது. ஒளியவும் வெளியேறவும் வழியற்ற சிறுத்தையே பாய்கின்றது. அவ்வழியை அடைப்பவர்கள் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கச் சென்ற நாமே. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையில் தென்பட்ட சிறுத்தை பல நாள் தேடியும் அகப்படவில்லை. விடப்பட்ட வழியே தானாகப் போயிற்று.

ஆகவே கண்டவுடன் செய்ய வேண்டியது, கூட்டம் சேர்க்காதிருத்தல். வீட்டினுள் சென்று கதவை அடைத்து, வனத்துறையின் 1926 என்னும் எண்ணுக்குச் சொல்லுங்கள். தெருவில் நேருக்கு நேர் காண நேர்ந்தால் ஓடக் கூடாது; ஓடுவதைத் துரத்துவது பூனையினத்தின் இயல்பு. உட்காரவும் குனியவும் கூடாது. குனிந்த மனிதன் அதன் கண்ணுக்குச் சிறு விலங்காகத் தோன்றுவான். குழந்தையைச் சட்டென்று தூக்கிக்கொண்டு, கைகளை உயர்த்தி, உரத்த குரலிட்டு, அதன் பக்கம் முதுகைக் காட்டாமல் மெல்லப் பின்வாங்குக. புதரில் குட்டிகள் கிடந்தால் தொடாதீர்கள். தாய் அருகிலேயே இருக்கக் கூடும்.

"பிடித்துக் கொண்டுபோய்த் தொலைவில் விட்டுவிடட்டுமே" என்பார் உண்டு. மகாராட்டிரத்து ஜுன்னரில் அவ்வாறு செய்து பார்த்தனர். வேற்றிடத்துச் சிறுத்தைகள் விடப்பட்ட பின் அப்பகுதியில் மனிதர்மீது தாக்குதல் பெருகியதென்று வித்யா ஆத்ரேயா முதலியோர் ஆராய்ந்து காட்டினர். நாம் செய்யக் கூடியது வேறு. கோழிக் கழிவையும் மீன் கழிவையும் லேஅவுட்டின் ஓரத்திற் கொட்டினால் நாய்கள் பெருகும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இறைச்சிக் கடைக்காரரை மட்டும் குறை கூறுவது முறையன்று. நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் குப்பையும் அங்கேதான் போகின்றது.

காண விரும்புவோர்க்கு ஓரிடம் உண்டு. ஊரிலிருந்து உறவினர் வந்தால் பன்னேர்கட்டாவுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். அங்குள்ள உயிரியல் பூங்காவில் 2024 சூனில் சிறுத்தைக்கெனத் தனிச் சபாரி தொடங்கப்பட்டது. ஆனால் 2025 ஆகஸ்டில் அங்குச் சென்ற வண்டியின் சன்னல் வழியே சிறுத்தை ஒன்று பாதத்தை நீட்டி ஒரு சிறுவனைக் கீறியது. வண்டியில் ஏறியதும், படமெடுப்பதற்கு முன், பிள்ளைகள் பக்கத்துச் சன்னல் முழுதும் மூடியிருக்கின்றதா, கம்பிவலை சரியாக உள்ளதா என்று பாருங்கள். விரலும் கைப்பேசியும் வெளியே நீள வேண்டா. மூடாத சன்னலாயின் ஓட்டுநரிடம் சொல்லி வேறிடம் மாறி உட்காரலாம். அதற்கு அவர் முகம் சுளித்தாலும் பொருட்படுத்த வேண்டா.