இரண்டு மணித்தியாலத்தின் கணக்கு

எண்பதுகளில் ஜேர்மனிக்கு வந்த எம்மில் பலருக்கு முதலில் கிடைத்தது வேலை செய்யத் தடை. முகாமில் படு, கொடுப்பதைச் சாப்பிடு, மாவட்ட எல்லையைத் தாண்டாதே. உழைக்க விடாத இடத்தில் உயிரோடு இருப்பது எத்தனை கேவலம் என்பதை நாம் அங்கேதான் படித்தோம். சம உரிமை கேட்டு ஊர்வலம் போனோம். நியாயம்தான்.

அந்த ஊர்வலங்களின் சூடு ஆறுமுன், 1990 ஒக்டோபரில், வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் விரட்டினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையும் காசும் பறிக்கப்பட்டன. தையல்கடை, இரும்புக்கடை, இறைச்சிக்கடை, வீடு, காணி எல்லாம் அப்படியே நின்றன.

அன்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? திறந்த சிலரைத் துரோகிகள் என்றோம். "வியாபாரம் முழுக்க அவர்கள் கையில்தானே இருந்தது" என்று நியாயம் வேறு சொன்னோம். "வெளிநாட்டான் எங்கள் வேலையைப் பறிக்கிறான்" என்று இங்குள்ள நிறவெறியன் கத்துவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அது அரசியல் தவறு என்று புலிகளே 2002இல் ஒப்புக்கொண்டார்கள். 2009இல் யுத்தம் முடிந்தது. இப்போது நாம் சொல்வது: "வரட்டுமே, யார் தடுத்தது?"

எங்கே வருவது? ஒருவர் காணியைப் பத்து வருடம் எதிர்ப்பின்றி ஆண்டவர் உரித்துக் கேட்க இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கிறது. எதிர்க்க வேண்டியவரோ புத்தளத்தில் ஓலைக்கொட்டிலில் கிடந்தார். யுத்தத்தால் வழக்குப் போட முடியாதவர்களுக்கு விலக்களிக்கும் விசேட சட்டம் வந்தது 2016இல். 26 வருடம் கழித்து! அதற்குள் ஒரு குடும்பம் நான்கு குடும்பமாகிவிட்டது. நாலுக்கும் காணி கேட்டால் "குடியேற்றம்" என்று கூச்சல் போடுகிறோம். புகலிடத்தில் நாம் பெற்ற பிள்ளைகளை மட்டும் யாரும் கணக்கில் குறைக்கக்கூடாது.

சந்தையில் கடை, வீட்டுத்திட்டத்தில் இடம், அரச கந்தோரில் வேலை, தீர்மானம் எடுக்கும் மேசையில் கதிரை. இவை நாம் போடும் பிச்சை அல்ல. நாம் ஐரோப்பாவிடம் கேட்டவையும் இவைதான்.

இன்று யாழ்ப்பாணத்தில் எழும்பும் கடைத்தொகுதிகளில் எமது யூரோவும் பிராங்கும் உண்டு. காணி விலை ஏறியதிலும் எமக்குப் பங்குண்டு. ஆகவே கேள்வியும் எம்மிடமே வருகிறது. அந்தக் கடைகளில் ஒன்றை வாடகைக்குக் கேட்டு ஒரு முஸ்லிம் வந்து நிற்கிறார் என்று ஊரிலிருந்து தம்பி போன் எடுத்தால், நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்?