கணக்கு டேலி ஆகிறது, ஆனால்...

பி.காம். முதல் வருடத்தில் காலெடுத்து வைக்கும் எவருக்கும் சொல்லித் தரப்படும் முதல் பாடம்: ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. இரண்டு பக்கமும் டேலி ஆகவேண்டும்.

இயற்பியலிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. ஆற்றலை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. வெப்ப இயக்கவியலின் முதல் விதி இது. கணக்குப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போகும் விதி! சிக்கல் ஆரம்பிப்பது இரண்டாம் விதியில்தான்.

மேஜையில் வைத்த டீ ஆறிப்போகிறது. அதன் வெப்பம் தொலைந்துவிடவில்லை, அறை முழுக்கப் பரவிவிட்டது, அவ்வளவுதான். ஒரு ஜூல் கூடக் குறையவில்லை. ஆனால் பரவிய அந்த வெப்பம் தானாக ஒன்றுகூடி டீயை மறுபடியும் சுடவைத்ததை யாராவது பார்த்திருக்கிறார்களா? இந்த ஒருவழிப் பாதையை அளக்க 1865-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் ருடால்ஃப் கிளாசியஸ் சூட்டிய பெயர்தான் என்ட்ரோபி. தனித்து விடப்பட்ட எந்த அமைப்பிலும் அது குறையாது. அதாவது ஆற்றலின் அளவு அப்படியே இருக்கும். அதைக்கொண்டு வேலை வாங்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

சரி, இதற்கும் காமர்ஸுக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. ருமேனியாவில் பிறந்து, அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன், 1971-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். பாடப்புத்தகத்தில் பொருளாதாரம் ஒரு வட்டம். குடும்பங்களிலிருந்து நிறுவனங்களுக்கு உழைப்பு, நிறுவனங்களிலிருந்து குடும்பங்களுக்குக் கூலி, பணம் சுற்றிக்கொண்டே இருக்கும். பணம் சுற்றலாம், நிலக்கரி சுற்றாது என்பதே அவர் வாதத்தின் சாரம். எரிந்த கரி சாம்பலும் புகையும் வெப்பமுமாகப் போனது போனதுதான்.

சாதாரண அனல்மின் நிலையம் கரியின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. எல்லாமே பொறியாளர்களின் குறை அல்ல. 540 டிகிரி செல்சியஸ் நீராவியில் ஓடி, 30 டிகிரியில் வெப்பத்தை வெளியேற்றும் இயந்திரம் எவ்வளவு குறையற்றதாக இருந்தாலும் சுமார் 63 சதவீதத்தைத் தாண்டமுடியாது. இந்த வரம்புக்கு வித்திட்டவர் 1824-ல் எழுதிய பிரெஞ்சுக்காரர் சாடி கார்னோ.

“பூமி தனித்து விடப்பட்ட அமைப்பு இல்லையே, சூரியன் தினமும் ஆற்றல் தருகிறதே?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அதற்கான பதில் காமர்ஸ் பாடத்திலேயே இருக்கிறது. வெயில் என்பது வருமானம். நிலக்கரியும் பெட்ரோலியமும், பல கோடி வருட வெயில் சேர்த்துவைத்த முதல். முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு அதை லாபம் என்று எழுதினால் எந்தக் கணக்கு ஆசிரியராவது மார்க் போடுவாரா? ஆனால் ஜிடிபி கணக்கு அதைத்தான் செய்கிறது. தோண்டி விற்ற கரியின் மதிப்பு அதில் ஏறும். குறைந்துபோன இருப்புக்கு அங்கே கழிவு கிடையாது. கடையில் இருக்கும் மேஜை நாற்காலிக்குக் கூடத் தேய்மானம் எழுதுகிறவர்கள், பூமிக்கு மட்டும் எழுத மறப்பது என்ன நியாயம்?

நாளை கம்பெனிகளின் கணக்கைத் தணிக்கை செய்யப்போகிறவர்கள் இன்று காமர்ஸ் வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பாடத்திட்டத்தில் இரண்டாம் விதிக்கு ஒரே ஒரு பாடம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

டேலி ஆவது முக்கியம்தான். எது தீர்ந்துகொண்டிருக்கிறது என்பது அதைவிட முக்கியம். டீ ஆறுவதற்குள் யோசியுங்கள் நண்பர்களே :)