எல்லாம் நன்மைக்கே என்றால், யாருடைய நன்மைக்கு?

‘எல்லாம் நன்மைக்கே’ கதையைக் கேட்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். ராஜாவின் விரல் துண்டாகிறது. மந்திரி எல்லாம் நன்மைக்கே என்கிறார். பிறகு காட்டில் நரபலிக்காக ராஜாவைப் பிடித்தவர்கள், அங்கம் குறைந்தவன் என்று விட்டுவிடுகிறார்கள். கதை முடிந்தது. ஆனால் பலி நின்றுவிடவில்லையே தோழர்களே! அன்று ராஜாவுக்குப் பதிலாக வெட்டுப்பட்டவன் யார்?

இதையே ஐரோப்பாவில் தத்துவமாக்கியவர் லைப்னிட்ஸ். கடவுள் படைத்திருக்கக்கூடிய உலகங்களில் இதுவே சிறந்தது என்று 1710இல் எழுதினார். 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பனில் பூகம்பம். திருநாள் என்பதால் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் மேலேயே கூரை விழுந்தது. 1759இல் வால்டேர் ‘கேண்டீட்’ நாவலை எழுதினார். அதில் வரும் பாங்லாஸ் வாத்தியார் நோயில் மூக்கு போன பிறகும், தூக்கில் தொங்கிப் பிழைத்த பிறகும் எல்லாம் நலமே என்கிறார். எதிர்வாதமே தேவைப்படவில்லை, சிரிப்பு போதும்.

ஆனால் சீடன் கேண்டீடின் நம்பிக்கை உடைவது பூகம்பத்தில் அல்ல. சூரினாமில், ஒரு கையும் ஒரு காலும் இல்லாமல் தரையில் கிடக்கும் கறுப்பின அடிமையைப் பார்க்கும்போதுதான். கரும்பாலையில் விரல் சிக்கினால் கையை வெட்டுவார்கள், தப்பி ஓடினால் காலை. ஐரோப்பாவின் சர்க்கரை அப்படித்தான் வந்தது. பூகம்பத்துக்கு முதலாளி கிடையாது, வெட்டிய கைக்கு உண்டு. புதுமைப்பித்தனின் ‘துன்பக் கேணி’யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் மருதியைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல.

நம் ஊர் பாங்லாஸ் இன்னும் கெட்டிக்காரர். முன்ஜென்ம வினை என்று அடிபட்டவர் மேலேயே பழியைப் போடுவார். 2022இல் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தின்பண்டம் வாங்க வந்த தலித் பிள்ளைகளிடம், ‘ஊர்க் கட்டுப்பாடு, தர முடியாது’ என்று கடைக்காரர் சொன்ன வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கட்டுப்பாட்டைப் போட்டவர்கள் இந்த ஜென்மத்து ஆட்கள். அதனால்தான் போலீஸால் கைது செய்ய முடிந்தது.

குற்றாலச் சாரலில் நனைய வருகிறவர்கள், அதே மலையடிவாரத்து மீனாட்சிபுரத்தை விசாரித்துப் போவதில்லை. 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆனது. உடனே டெல்லி வரை எழுந்த கேள்வி, வளைகுடாப் பணம் எவ்வளவு வந்தது என்பதுதான். அந்த மக்கள் சொன்ன காரணமோ சாதி அவமானம், போலீஸ் கெடுபிடி. சிலர் பிறகு திரும்பினார்கள். மதம் மாறினால் சாதி போகுமா என்பது தனிச் சண்டை, இன்னொரு நாள் போடுவோம். விதி என்று சொல்லப்பட்டதை விட்டு எழுந்து நடக்க முடியும் என்று காட்டியவர்கள் அவர்கள்.

வால்டேரோடு என் சண்டை நாவலின் முடிவில்தான். வாதத்தை விட்டு நம் தோட்டத்தில் வேலை செய்வோம் என்று கேண்டீட் ஒதுங்கிவிடுகிறான். வகுப்பில் இதைப் பெரிய ஞானமாக நடத்துவார்கள். அவனுக்குச் சொந்தத் தோட்டம் இருந்தது, சரி. சிற்றாற்றுப் பாசனத்தில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்களுக்கு எது தோட்டம்? செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீரின் 1891 அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் சென்னை மாகாண அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். மற்ற சாதியார் கைக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. பெரும்பகுதி போய்விட்டது. உங்கள் ஊர் வி.ஏ.ஓ.விடம் ‘அ’ பதிவேட்டைக் கேளுங்கள். எந்தச் சர்வே நம்பர் பஞ்சமி நிலம், இன்று பட்டா யார் பேரில் என்று பாருங்கள். காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள்.