குமாஸ்தாவின் வாய்

எங்கள் ஊரில் ஒரு வீட்டுத் தறியின் ஓசை நின்றால் அடுத்த வீட்டார் வந்து காரணம் கேட்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் துயரில் மற்றவர் பங்கு கொள்வது இந்த நெருக்கத்தால்தான். ஆனால் அதே நெருக்கம் நீதி தேடிப் போகிறவனின் காலை இடறிவிடவும் கூடும் என்பதை என் தாய்மாமன் வீட்டில் கண்டேன்.

மாமா கூலிக்கு நெய்பவர். பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார். சேலையை நெய்து கொடுத்துக் கூலி பெற வேண்டும். முன்பணக் கணக்கில் தகராறு வந்து 40,000 ரூபாய் கூலி நின்றுபோயிற்று. வழக்கறிஞர் ஒருவரிடம் போனார். "நோட்டீஸ் அனுப்புங்க ஐயா. 25,000 குடுத்தாலும் முடிச்சுக்கிறேன். ஆனா அதை முதல்லயே சொல்லிட வேணாம்" என்றார். பக்கத்தில் அமர்ந்து குறிப்பெடுத்தவர் குமாஸ்தா. நோட்டீஸ் போய்ச் சேரும் முன்பே முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. 25,000 தருகிறாராம், வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டுமாம்.

குமாஸ்தாவின் மைத்துனர் அந்த முதலாளியிடம் கணக்கெழுதுகிறவர். பின்னர் நான் விசாரித்தபோது குமாஸ்தா உண்மையாகவே வருந்தினார். "நான் யாருகிட்டயும் போய்ச் சொல்லல சார். வீட்ல சாப்பிடும்போது பேச்சுவாக்குல வந்துடுச்சு."

அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. சிக்கலே அதுதான்.

நண்பர்களே, சட்டம் குமாஸ்தாவை மறந்துவிடவில்லை. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் வழக்கறிஞரின் வாயைக் கட்டியது. கட்சிக்காரர் தொழில்முறையில் நம்பிச் சொன்னதை அவருடைய வெளிப்படையான இசைவின்றி வெளியிடலாகாது என்றது. சட்டவிரோத நோக்கத்துக்காகச் சொன்னதற்கும், வழக்கை ஏற்றபின் வழக்கறிஞரே கண்ட குற்றம், மோசடிக்கும் மட்டுமே விலக்கு. அடுத்த 127ஆம் பிரிவு அதே கட்டை மொழிபெயர்ப்பாளருக்கும், வழக்கறிஞரின் குமாஸ்தாவுக்கும் வேலையாளுக்கும் நீட்டியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் இவை 132ஆம் பிரிவுக்குள் ஒன்றாக வந்துள்ளன. 'வேலையாள்' இப்போது 'ஊழியர்' ஆகியிருக்கிறார், கடமை மாறவில்லை. வேலையை விட்டு விலகிய பின்னும் அக்கடமை தொடரும்.

ஆயினும் பெயரிலேயே தெரிகிறது, இது சாட்சியச் சட்டம். கூண்டில் ஏறிப் பேசும் வாயைத்தான் அது முதலில் நினைக்கிறது. சாப்பாட்டு வேளையில் பேசும் வாயை அன்று. இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் அந்தக் கடமையை வழக்கறிஞரின் தொழில் ஒழுக்கமாக ஆக்கியிருக்கின்றன. ஒரு தரப்புக்காக வேலை செய்தவர் அதே வழக்கில் எதிர்த்தரப்புக்குப் போகக் கூடாதென்றும் தடுக்கின்றன. ஆனால் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி அம்மன்றம் எடுக்கும் ஒழுங்கு நடவடிக்கை வழக்கறிஞரை மட்டுமே தொடும்.

அந்தப் பிரிவு குமாஸ்தாவுக்கு முன்னால் மொழிபெயர்ப்பாளரை வைத்திருப்பது எனக்கு ஒரு பழைய வழக்கை நினைவூட்டுகிறது. 1716இல் புதுச்சேரியில், பிரெஞ்சுக் கம்பெனியின் தலைமைத் தரகராக இருந்த நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டார். நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் உறவினர் அவர். அவ்விசாரணையில் மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டவர் இயேசு சபையாரின் உபதேசியார் மகன். நைனியப்பரின் செல்வாக்கை எதிர்த்து வந்தவர்களே அச்சபையார்தாம். நைனியப்பர் 1717இல் சிறையிலேயே இறந்தார். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அதன் பிறகுதான் வந்தது. அந்த மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லையும் திரிக்காமல் பெயர்த்திருந்தாலும் அவர் அங்கே அமர்ந்திருக்கக் கூடாது. அவருடைய நேர்மையை ஆராய்வதற்கு முன்பே, அவர் எந்த வீட்டுப் பிள்ளை என்று கேட்டிருக்க வேண்டும்.

இரகசியம் காத்தல் ஒன்று. நலன் முரண்படாதிருத்தல் வேறொன்று. முன்னது வாயைப் பற்றியது, பின்னது இருக்கையைப் பற்றியது. இருக்கை தவறானால் வாயை எவ்வளவு கட்டினாலும் ஒழுகும்.

"சிற்றூரில் எல்லாரும் எல்லாருக்கும் உறவு, இப்படிப் பார்த்தால் அலுவலகத்தையே பூட்ட வேண்டும்" என்று வழக்கறிஞர் நண்பர் ஒருவர் சிரித்தார். பூட்ட வேண்டியதில்லை. கட்சிக்காரர் கதையைத் தொடங்கும் முன் எதிராளியின் பெயரை மட்டும் கேட்டு, அதைக் குமாஸ்தா அறியச் சொன்னால் போதும். அவர் "எங்களுக்கு வேண்டியவங்க" என்று சொல்லி எழுந்து போகலாம். அப்படிச் சொல்வதால் அவர் வேலைக்குக் கேடு வராது என்ற உறுதியை வழக்கறிஞர் அளிக்க வேண்டும். வேறு ஆள் இல்லையென்றால் உறவைக் கட்சிக்காரரிடமே சொல்லி, முடிவை அவரிடம் விட்டுவிடலாம். மிகுந்த உழைப்பும் சொற்ப வருவாயும் உடைய குமாஸ்தாவுக்கு யாரும் கற்றுத்தராத ஒழுக்கத்தைக் கேட்டு அவரைப் பழிப்பது நேர்மையன்று.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் இலவச உதவிக்கு ஆள்கள் இருக்கிறார்கள். 2009இல் வந்த திட்டத்தின்படி பயிற்சி பெற்ற சட்டத் தன்னார்வலர்கள் தெருவுக்கே வருகிறார்கள். அவர்கள் நம்மவர்கள் என்பதால்தான் மக்கள் வாய் திறக்கிறார்கள். அதனாலேயே ஆபத்தும் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளரையும் வழக்கறிஞரின் குமாஸ்தாவையும் ஊழியரையும் பெயர் சொல்லிக் கட்டும் சட்டப்பிரிவில் தன்னார்வலரின் பெயர் இல்லை. அதையும் சேர்த்தெழுத வேண்டும் என்பது என் கருத்து.

மாமா அந்த 25,000 ரூபாயை வாங்கிக்கொண்டார். குமாஸ்தா தெருவில் கண்டால் வணக்கம் சொல்கிறார். மாமாவும் பதில் வணக்கம் சொல்கிறார். அடுத்த ஆண்டு மறுபடியும் கூலி நின்றபோது மாமா எந்த வழக்கறிஞரிடமும் போகவில்லை.