காதல் கதை படிப்பது குற்றமா?

எங்கள் வீட்டு மரப் பீரோவில் பழைய பைண்டுப் புத்தகம் ஒன்று உண்டு. 1960-ஐ ஒட்டி ‘கல்கி’ இதழில் தொடராக வந்த நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ அது. வாரா வாரம் வந்த பக்கங்களை ஆச்சி வீட்டில் சேர்த்துத் தைத்து வைத்தார்கள். அக்காலத்தில் பலர் தங்கள் பிள்ளைகளுக்குப் பூரணி, அரவிந்தன் என்று பெயரிட்டனர். அந்தக் கதாநாயகியின் பெயரைத்தான் ஆச்சியும் என் தாயாருக்குச் சூட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகத்தை என் கையில் கண்டதும், “பத்தாம் வகுப்பில் காதல் கதை எதற்கு?” என்று பிடுங்கி வைத்தவரும் என் தாயாரே!

பெற்றோரின் அச்சம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். இக்கதைகள் ஏன் இத்தனை காலம் வாழ்கின்றன? பூரணி தந்தையை இழந்தவள். தம்பி தங்கையரைத் தோளில் சுமப்பவள். அவளும் அரவிந்தனும் மணம் புரியாமலே கதை முடிகிறது. ஆனால் அவர்களது அன்பு, பிறர்க்கு உழைக்கும் அன்பாக உயர்கிறது. இது சென்னைத் தொலைக்காட்சியிலும் தொடராக வந்தது. 2021-இல் முதலமைச்சரான மு.க. ஸ்டாலின் அதில் அரவிந்தனாக நடித்தார்.

கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய ‘தில்லானா மோகனாம்பாள்’ 1968-இல் திரைப்படமாயிற்று. இன்றும் அதனைத் தொலைக்காட்சியில் போட்டால் எங்கள் வீட்டில் யாரும் எழுந்திருப்பதில்லை. மோகனா செல்வந்தர்களின் ஆசை வார்த்தைகளுக்கு மயங்குவதில்லை. சண்முகசுந்தரத்தின் கோபத்துக்கும் அஞ்சுவதில்லை. அவனது நாகசுரத்துக்கு எதிரே துணிந்து ஆடுகிறாள். அவளது கலையை மதித்து, அவனே பட்டம் சூட்டுகிறான்.

நாகசுரத்தையும் சலங்கையையும் காதாரக் கேட்கச் செய்வது திரைப்படத்தின் சிறப்பு. பாத்திரங்களின் மனத்துக்குள் நம்மை அழைத்துச் செல்வது நூலின் சிறப்பு. ஆகவே படம் பார்த்தவர்கள் நூலையும் படிக்க வேண்டும்.

இன்றைய சில படங்களில், வேண்டாம் என்று சொல்லும் பெண்ணை விடாமல் துரத்துவதையே காதல் என்று காட்டுகிறார்கள். கைப்பேசியைத் திறந்தால் அக்காட்சிகள் துண்டு துண்டாக வந்து நிற்கின்றன. அது அன்பு அன்று, தொல்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? பூரணியையும் மோகனாவையும் அறிந்த பெண்ணுக்குத் தெரியும். பொன்னைப் பார்த்துப் பழகிய கண்ணைப் பித்தளை ஏமாற்ற முடியுமா?

பெற்றோரே, அருட்சகோதரிகளே! நல்ல காதல் கதைகளைப் பூட்டி வைக்காதீர்கள். எங்களோடு சேர்ந்து படியுங்கள். எது அன்பு, எது அன்பு அல்ல என்று எங்களோடு பேசுங்கள். இதுவே என் தாழ்மையான வேண்டுகோள்.

புத்தகம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அன்றிரவு தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களை விளக்கொளியில் அம்மா அதைப் படித்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை அது என் புத்தகப் பைக்கு அருகில் இருந்தது. “பரீட்சை முடிந்த பிறகு படி, நாம் பேசுவோம்” என்றார்.