ஃபார்மேட் அடிக்கறதுக்குப் பேர் ரிப்பேர் இல்லீங்க

ரொம்ப நாளா மனசுக்குள்ள குமுறிக்கிட்டிருக்கற விஷயம். இன்னிக்குக் கொட்டிடறேன். கொஞ்சம் சூடா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

எங்க முடிச்சூர்னு இல்ல, எந்த ஊர்லயும் ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிட்டுப் போய் "டைரக்டரி கரப்ட்னு வருது, ஒரு ஃபைலும் திறக்கல"ன்னு சொல்லிப் பாருங்க. பெரும்பாலும் கிடைக்கற பதில் ஒண்ணுதான்: "ஃபார்மேட் அடிச்சுடலாம் சார், சாயங்காலம் வந்து வாங்கிக்குங்க." விண்டோஸும் சளைச்சதில்ல. டிரைவைச் சொடுக்கினா, உபயோகிக்கணும்னா ஃபார்மேட் பண்ணணும்னு அதுவே சொல்லி பட்டனையும் நீட்டுது!

முதல்ல ஒரு விஷயம். டைரக்டரி போச்சுன்னா டேட்டா போச்சுன்னு அர்த்தம் இல்ல. பத்திரப் பதிவு ஆபீஸ்ல ரெஜிஸ்டர் நனைஞ்சு நாசமாயிட்டா முடிச்சூர்ல இருக்கற மனையெல்லாம் மாயமா மறைஞ்சிடுமா? மனை அங்கேயேதான் இருக்கு. எது யாருதுங்கற கணக்குதான் போச்சு. விண்டோஸோட என்டிஎஃப்எஸ்ல அந்த ரெஜிஸ்டருக்குப் பேரு மாஸ்டர் ஃபைல் டேபிள். எழுதிக்கிட்டிருக்கும்போது கரண்ட் போனா, பென்டிரைவைப் படக்குன்னு பிடுங்கினா, டிஸ்க்ல பேட் செக்டர் வந்தா இந்த ரெஜிஸ்டர் அடிவாங்கும்.

இப்ப ஃபார்மேட்னா என்ன? புது ரெஜிஸ்டர் போட்டு "எல்லாம் காலி மனை"ன்னு எழுதறது. அதுகூடப் பரவாயில்ல, வீடு இன்னும் நிக்குது. அதுக்கு மேல விண்டோஸ், ஆபீஸ், போனஸா நாலு சினிமான்னு காப்பி பண்ணித் தர்றாங்களே, அதுதான் இருக்கற வீட்டை இடிச்சு அது மேல கட்டறது. எக்ஸ்பி காலத்துல ஃபுல் ஃபார்மேட் போட்டாலும் டேட்டா அடியில கிடக்கும். 2007-ல கடைக்கு வந்த விஸ்டாவுல இருந்து ஃபுல் ஃபார்மேட் டிஸ்க் முழுக்க சைபர் எழுதிடுது. எஸ்எஸ்டின்னா கேக்கவே வேணாம். விண்டோஸ் 7-ல இருந்து டிரிம்னு ஒண்ணு இருக்கு. குவிக் ஃபார்மேட்டே பெரும்பாலும் சோலியை முடிச்சிடும்.

எங்க தெருவுல ஒரு ரிட்டையர்ட் தமிழ் வாத்தியார். சொந்த ஊர்ப் பாட்டிகள் சொன்ன தாலாட்டு, ஒப்பாரியெல்லாம் வருஷக்கணக்கா டைப் அடிச்சு வெச்சிருந்தார். ஒரு மின்வெட்டு, கரப்ட். கடையில ஃபார்மேட் அடிச்சு, விண்டோஸ் போட்டு, பளிச்சுனு குடுத்துட்டாங்க. அப்புறம்தான் என்கிட்ட வந்தது. ஃபோட்டோரெக் போட்டு கொஞ்சம் மீட்டேன். ஃபைல் பேரு கிடையாது, எல்லாம் நம்பர். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவுல அடிச்சதால தேடினாலும் சிக்காது. ஒவ்வொண்ணாத் திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல இல்ல. "பாடிக் காட்டுன கிழவிங்க யாரும் இப்ப இல்லியே தம்பி"ன்னார். நான் என்ன பதில் சொல்ல?

"பேக்கப் எடுத்து வெச்சிருக்கணும்"னு பின்னூட்டம் போடக் கை துறுதுறுங்குமே உங்களுக்கு? விபத்துல அடிபட்டவன்கிட்ட ஹெல்மெட் பிரசங்கமா? அதுலயும் எங்க ஊர்ல. 2015 டிசம்பர் 1, 2-ல தாம்பரத்துல 49 செ.மீ. மழை கொட்டி முடிச்சூரே மிதந்துச்சு. ஆல்பம், பத்திரம், நோட்டு எல்லாம் நனைஞ்ச வீடுகள்ல மிச்சம் இருந்தது டிஸ்க்ல இருந்த ஸ்கேன்தான்.

அடுத்தது நம்ம இன்ஜினியர் கூட்டம். "செக்டிஸ்க் ஸ்லாஷ் எஃப் போடு"ன்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்ற ஆளுங்க. செக்டிஸ்க்குக்கு உங்க ஃபைல் முக்கியம் இல்ல, ரெஜிஸ்டர் கணக்கு நேராகணும், அவ்வளவுதான். ஒத்துவராத பதிவை அடிச்சிடும். உதிரித் துண்டை ஃபவுண்ட் டாட் 000-ன்னு ஒரு ஃபோல்டர்ல சிஎச்கே ஃபைலாக் கொட்டிடும். இருக்கற ஒரே பிரதி மேல அதை ஓட்டறது அபாயம்.

செய்ய வேண்டியது இதுதான்:

1. உடனே நிறுத்துங்க. அந்த டிஸ்க்ல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. டிஸ்க் நனைஞ்சிருந்தாலோ டக் டக்னு சத்தம் போட்டாலோ பவரே குடுக்காதீங்க. அது டேட்டா ரெக்கவரி லேப் வேலை.

2. அதே அளவு அல்லது பெரிய டிஸ்க் ஒண்ணுல ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ வெச்சு அப்படியே பிரதி எடுங்க. நல்லா இருக்கற பகுதியை முதல்ல எடுத்துட்டு, மோசமான பகுதிக்கு அப்புறமா வரும்.

3. பிரதி மேல டெஸ்ட்டிஸ்க் ஓட்டுங்க. மாஸ்டர் ஃபைல் டேபிளோட முதல் நாலு பதிவுக்கு மிரர்னு ஒரு நகல் உண்டு. பூட் செக்டருக்கும் பார்ட்டிஷன் கடைசியில நகல் உண்டு. பல கேஸ் இதுலயே சரியாகும்.

4. அதுவும் முடியலன்னா ஃபோட்டோரெக். செக்டிஸ்க் கடைசியில, அதுவும் பிரதி மேல மட்டும்.

இந்த மூணு மென்பொருளுக்கும் காசு கிடையாது. கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கு. சில நூறு ரூபாய்க்கு ராத்திரி முழுக்க டிஸ்க்கைக் காப்பி பண்ணிக்கிட்டு உக்கார முடியாது, ஒத்துக்கறேன். ஆனா "உள்ள இருக்கறது வேணுமா?"ன்னு ஒரு வார்த்தை கேக்கலாமே? அதுக்கு அரை நிமிஷம். வேணும்னா கூடக் காசு கேளுங்க; முடியலன்னா வேற இடத்துக்கு அனுப்புங்க. கேக்காம அடிக்காதீங்க.

மக்களே, நீங்களும் டிஸ்க்கைக் குடுக்கும்போது அது மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டி, கொட்டை எழுத்துல எழுதிக் குடுங்க: "ஃபார்மேட் செய்யாதே."