பெயரில் ஓரெழுத்து

மனிதருக்கு முதுமை எந்த வயதிலே வருகிறது? நமது மலைநாட்டுத் தோட்டங்களில் இக்கேள்விக்கு ஒரே விடை கிடையாது. கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தி வேலையினின்று நீங்கித் தன் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கேட்பதற்குச் சட்டம் குறித்த வயது 50, ஆணுக்கு 55. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக உயர்த்தியது. ஆயினும் சேமலாப நிதிக்குரிய வயது மாறவில்லை. முதியோர் அடையாள அட்டைக்கு 60 நிரம்ப வேண்டும். வருமானம் குறைந்த குடும்பத்து முதியோருக்கு அரசாங்கம் மாதந்தோறும் வழங்கும் கொடுப்பனவுக்கோ 70 நிரம்பியிருத்தல் வேண்டும்.

ஆகவே, 50 வயதில் கூடையை இறக்கி வைத்தவள், மாதப் பணம் என்று ஒன்றைக் காண இருபது ஆண்டுகள் காத்திருக்கிறாள். அந்த இருபது ஆண்டும் அவள் சும்மா இருப்பதில்லை. மகளும் மருமகளும் மலைக்குப் போனபின் பேரக் குழந்தைகளைப் பார்த்துக் கொள்கிறாள், விறகு பொறுக்குகிறாள், உடம்பு இடங்கொடுத்தால் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கவும் போகிறாள். இதற்குத்தான் ஓய்வு என்று பெயர்!

இந்நிலையில் அவளுக்குக் கைகொடுக்க வேண்டியது அவள் உழைத்துச் சேர்த்த பணமே. 1958ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டப்படி, தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டும், தோட்டத்தார் பங்காக நூற்றுக்குப் பன்னிரண்டும் அவள் பெயரில் சேர்கின்றன. 1980இல் வந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குத் தோட்டத்தார் நூற்றுக்கு மூன்று கட்டுகின்றனர். இவையன்றி, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தரும் சேவைக்காலப் பணமும் உண்டு. நாட்சம்பளக்காரர் ஐந்து ஆண்டுகளேனும் வேலை செய்திருந்தால், ஒவ்வோராண்டுக்கும் பதினான்கு நாட்சம்பளம் வீதம் பெற உரியவர். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாவை வைத்துக் கணக்குப் பாருங்கள். ஓராண்டுக்கு 18,900 ரூபா. முப்பது ஆண்டுக்கு 567,000 ரூபா. வேலை நின்ற முப்பது நாட்களுக்குள் இதைக் கொடுத்துவிட வேண்டும். தாமதித்தால் மேலதிகமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இந்த முப்பது நாள் விதியை அறியாதவர் தோட்டங்களில் இன்றும் பலர்.

பணம் இருக்கிறது. பல குடும்பங்களில் குறுக்கே நிற்பது ஓர் எழுத்து.

லெட்சுமி என்று ஒருத்தி இருக்கிறாள் எனக் கொள்வோம். பிறப்புச் சான்றிதழில் அவள் லட்சுமி. தோட்டத்துச் செக்ரோலில், யாரோ ஒரு கிளார்க் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதிய பெயர் மூன்றாவதொன்று. அடையாள அட்டைக்காகச் சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழாக்கியபோது நான்காவது பெயர் பிறந்தது. ஓரிடத்தில் தகப்பன் பெயரின் முதலெழுத்து. இன்னோரிடத்தில் கணவன் பெயரின் முதலெழுத்து. லயத்தில் எல்லோருக்கும் அவளைத் தெரியும். தொழில் அலுவலகத்து மேசைக்கு மாத்திரம், இவர்கள் நான்கு வெவ்வேறு பெண்கள்! பிறகு சத்தியக் கடதாசி; பிறகு கிராம உத்தியோகத்தரின் கடிதம்; பிறகு ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் பஸ் பயணம். கிழவியைத் தனியே அனுப்ப முடியாதாகையால் மகளும் கூடச் செல்கிறாள். அவளது அன்றைய சம்பளமும் போகிறது. ஒவ்வொரு பயணமும், வரவேண்டிய பணத்தை முன்கூட்டியே கொஞ்சங் கொஞ்சமாகத் தின்றுவிடுகிறது.

இது கிளார்க்கின் கவனக்குறைவால் மட்டும் வந்ததன்று. இன்று 70 வயதைக் கடந்திருப்போர், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய குடும்பங்களிற் பிறந்தவர்கள். 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, யார் இங்கே, யார் அங்கே என்று தலைகளை எண்ணியது. நாடற்றவராய் எஞ்சியிருந்தோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. நாடே இல்லாதவருக்கு நாட்டின் பத்திரம் ஒழுங்காக இருக்குமா? லயத்துக் காம்பராவிற் பிறந்து, பதியப்படாமலே வளர்ந்தவரும் உளர். அவர்களிடம் வயதைக் கேட்டால் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். இன்ன துரை இருந்த காலம் என்பார்கள். இத்தகையோருக்காகவே உத்தேச வயதுச் சான்றிதழ் என்று ஒன்று வழங்கப்படுகிறது.

இவ்விஷயத்தில் நம்மவர் தனியரல்லர் என்பதை மாணவ வாசகர்கள் அறிதல் நன்று. 1908ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் முதியோர் பென்ஷன் சட்டமொன்றை நிறைவேற்றியது. 70 வயதானோருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை, தபாற்கந்தோரில், 1909 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் கொடுக்கலாயினர். அப்போது பிரித்தானியாவோடு சேர்ந்திருந்த அயர்லாந்தில் ஒரு சிக்கல் எழுந்தது. அங்கே எல்லோருடைய பிறப்பையும் பதியும் வழக்கம் 1864இல்தான் வந்தது. 70 வயதுக் கிழவர் சான்றிதழுக்கு எங்கே போவார்? 1839 ஜனவரி 6ஆந் திகதி இரவு அந்நாட்டைப் பெரும் சூறைக்காற்று ஒன்று உலுக்கியிருந்தது. 'அந்தப் பெருங்காற்று நினைவிருக்கிறதா?' என்று அதிகாரிகள் கேட்டார்கள். நினைவிருப்பதாகச் சொன்னவர்கள் ஏராளம்! பின்னர் 1841, 1851 ஆண்டுகளின் குடிசனக் கணக்குகளைப் புரட்டிப் பெயர் தேடிக் கொடுத்தார்கள். ஆளைத் திருப்பி அனுப்புவதற்குப் பதிலாக ஏட்டைத் தேடினார்கள். அந்த மனப்பான்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நிற்க. நமது வீடுகளில் பத்திரங்கள் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் டின்னிலோ, கட்டிலுக்கடியில் உள்ள டிரங்குப் பெட்டியிலோ கிடக்கும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்து, தாயாரின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதிக் கணக்குத் தாள், சம்பளத் துண்டு ஆகியவற்றை வரிசையாக வைத்து, பெயரையும் பிறந்த திகதியையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பாட்டிக்கு முன் தாயாரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவள் இன்னும் செக்ரோலில் இருக்கிறாள். கந்தோரில் அவளை அறிந்தவர் இருக்கும்போதே பிழையைத் திருத்திக்கொள்வது எளிது. வேலை நின்றபின், சேமலாப நிதியின் 'கே' படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைவது கடினம்.

பாட்டிக்கு வேறு கதவுகள் உண்டு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்க வந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் கைவிட்டால் முறையிடுவதற்குப் பராமரிப்புச் சபையொன்றையும் அது அமைத்தது. தாய் மகன்மேல் முறையிடுவதை நம் சமூகம் எளிதில் பொறுக்காது. எனினும், அப்படியொரு வழி உண்டென்று மகனும் அறிந்திருப்பது நல்லதே. முதியோர் அடையாள அட்டையைப் பிரதேச செயலகத்தின் மூலம் பெறலாம். 70 வயதினரின் மாதக் கொடுப்பனவு, 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாத்திரைக்கும் அரிசிக்கும் இது எவ்வளவு நாள் காணும் என்பதைக் குடும்பப் பெண்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பட்டணத்து முதியவருக்கு நகரசபை பூங்காவில் ஆசனம் போடுகிறது, நடைபாதையைச் சமன் செய்கிறது. தோட்டத்து முதியவருக்கோ லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கும் படிக்கட்டே பெருந்தடை. டிக்கோயா வைத்தியசாலையில் மருந்து இலவசம். அங்கே போய்ச் சேர்வதற்கு முச்சக்கர வண்டிக்குத்தான் காசு. இப்படிக்கட்டைக் கட்டித் தரும்படி பிரதேச சபையைக் கேட்கவும் நெடுங்காலம் வழியில்லாதிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குள் சபைகள் பணஞ் செலவிடுவதைத் தடுத்து வைத்திருந்தது. வாக்கு மட்டும் கொடுக்கலாம். படிக்கட்டுக் கேட்க முடியாது! 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை ஆகிய இடங்களுக்குத் தனித்தனிச் சபைகளும் வந்துவிட்டன. எனவே படிக்கட்டுக்குக் கைப்பிடிக் கம்பி வேண்டுமென்றால், லயத்தார் நாலு பேர் கையொப்பமிட்டு எழுதும் கடிதத்தை இனிச் சபைத் தலைவருக்கே முகவரியிடலாம்.